கீழே போகிற ஒயர்

மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஜன்னல் விளிம்பில் மோடத்தை வைத்தால் கீழ் வீட்டு வாசல் அறை வரைக்கும் இரண்டு கோடு சிக்னல் வந்தது. இன்னும் நாலு படி இறக்கினால் மூன்று கோடு வரும். ஆனால் ஒயர் அதற்கு மேல் எட்டவில்லை. பாப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்கள் காலில் சிக்காதபடி ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கினாள்.

"இப்ப வருதா?"

"வருது. தம்பி முகம் மட்டும் கட்டம் கட்டமாத் தெரியுது," என்று கீழேயிருந்து எதிர் வீட்டுத் தையல்காரர் சொன்னார். காலையிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

"அவன் நம்மளப் பாக்குறானா? அதக் கேளுங்க."

"பாக்குறானாம். அது போதுங்கறான்."

கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் சித்தப்பா படுத்திருந்தார். அவருடைய ஒரே மகனுக்குக் கடல் தாண்டி ஏதோ குளிர்க் கிடங்கில் வேலை. நாளை மறுநாள்தான் விமானம் கிடைத்தது. இங்கே இன்றைக்கு நாலு மணிக்கே எடுத்துவிடுவார்கள். அதனால் தன் அப்பாவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

மேலே இன்னொரு ஆள் இருந்தார். அவருக்கு விமானமும் வேண்டாம், விசாவும் வேண்டாம். பதினாலு படி இறங்கினால் போதும். பாப்பாவின் அப்பா அந்தப் பதினாலு படியை இன்னும் இறங்கவில்லை.

பாப்பாவுக்கு முப்பத்தொன்பது வயதாகிறது. இந்த வீட்டில் இன்னும் பாப்பாதான். காலை ஆறரைக்குச் சித்தியின் சத்தம் கேட்டு இறங்கி ஓடியவளும் அவள்தான், திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னவளும் அவள்தான். அவர் "எப்ப?" என்று மட்டும் கேட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றாள். எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். சரி, இறங்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை. உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆயிற்று. ஏன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வாசல் கேட்டுக்குப் பச்சை அடிப்பதா சாம்பல் அடிப்பதா என்று ஆரம்பித்தது. "வீடு யாரு பேர்ல இருக்குன்னு தெரியும்ல" என்று அண்ணன் ஒரு வார்த்தை விட்டார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார்கள். கேட்டில் இன்றைக்கும் ஒரு கதவு பச்சை, ஒரு கதவு சாம்பல். நடுவில் பாப்பாவின் அம்மா இறந்தபோது சித்தப்பா படியேறி வந்தார். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார். வரத்தான் செய்தார்.

பேச்சு நின்றதே தவிர ஒயர் நிற்கவில்லை. அது சண்டைக்கு முன்பே போட்ட ஒயர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேபிள் இணைப்பு ஒன்று, பெட்டி ஒன்று, அதுவும் மாடியில். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக இறங்கிச் சித்தப்பாவின் டிவிக்குப் போயிற்று. மேலே என்ன ஓடுகிறதோ அதுதான் கீழேயும் ஓடும். சேனல் மாற்றுகிற ரிமோட் மேலே இருந்தது. கீழே இருக்கிறவர் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

ஒரு தடவை அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பாப்பாவும் கூடவே இருந்ததில் பெட்டியை யாரும் தொடவில்லை. அது பாத்திரம் விற்கிற சேனலில் நின்றுவிட்டது. சித்தப்பா ஏழு நாளும் பாத்திரம் பார்த்தார். "பாப்பா துணி எடுக்க வருவா, மாத்தச் சொல்லட்டுமா?" என்று சித்தி கேட்டதற்கு, "எனக்கு இதான் பிடிச்சிருக்கு" என்றாராம். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா.

மேலே இருந்தவர் மட்டும் என்ன குறைச்சல். சனிக்கிழமை ஆறு மணிக்கு மல்யுத்தம். அப்பாவுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. வேஷங்கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறான்கள், அதில் பாதி நடிப்பு என்பார். ஆனாலும் சனிக்கிழமை ஆறு மணியானால் அதைத்தான் போடுவார். போட்டுவிட்டு, பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கீழேயிருந்து "விடாத, புடி, புடிடா அவன" என்று சித்தப்பாவின் குரல் ஜன்னல் வழியாக ஏறி வரும். பேப்பருக்குப் பின்னால் அப்பாவின் தோள் குலுங்கும்.

பாப்பா இதையெல்லாம் பார்த்தாள். கிழவர்கள் கூத்து என்று சிரித்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. விமான டிக்கெட்டில் தேதி மாற்றிக் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தபடியே, காதில் ஹெட்செட்டோடு. நெட் ஒரு நொடி தடுமாறினால் பேசிக்கொண்டிருந்தவர் அறுந்து போவார். மாதத்தில் மூன்று பேர் அறுந்து போனால் மேலிடத்திலிருந்து மெயில் வரும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் ஏழு பேர் அறுந்தார்கள்.

கேபிள்காரர் வந்து பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரே லைனப் பிரிச்சு டிவிக்கும் நெட்டுக்கும் வச்சிருக்கீங்க மேடம். பிரிக்கிற எடத்துலதான் அடி வாங்குது. டிவி பெட்டிய எடுத்துட்டு நெட்ட மட்டும் நேரா விட்டா கல்லு மாதிரி நிக்கும். படம், நியூஸ் எல்லாம் இப்ப நெட்டுலயே வருதே, கேபிள் எதுக்கு?" என்றார். அவள் வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் எப்போதோ அப்படி மாறியிருந்தார்கள். சரி என்றாள்.

அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கீழ?"

"அவங்களுக்கு வேணும்னா தனியாப் போட்டுக்குவாங்கப்பா."

அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார். கேபிள்காரர் ஜன்னலுக்கு வெளியே கைவிட்டு ஒயரைச் சுருட்டும்போது அவரும் கேட்டார். "கீழ சொல்லிட்டீங்களா மேடம்?" அந்த நேரம் பாப்பாவின் காதில், விமானம் ரத்தாகிப் போன ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார். அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நான் சொல்லிக்கறேன், நீங்க எடுத்துடுங்க" என்றாள்.

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். மறுநாள் மறந்துபோயிற்று. ஒரு வாரம் கழித்து ஞாபகம் வந்தபோது, இத்தனை நாள் கழித்துப் போய் என்னத்தைச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. கீழேயிருந்தும் யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் வேறு ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

நெட் அதற்குப் பிறகு ஒரு நாளும் அறுந்ததில்லை. அப்பாதான் புது ரிமோட்டை வைத்துக்கொண்டு திண்டாடினார். "இப்ப என்ன ஓடுது?" என்பார். "எதுவும் ஓடாதுப்பா, உங்களுக்கு எது வேணுமோ அதப் போட்டுக்கலாம்" என்பாள். "எனக்கு வேணுங்கறது இருக்கட்டும், ஓடறது எது?" என்று மறுபடி கேட்பார். சனிக்கிழமை அவரே மல்யுத்தத்தைத் தேடிப் பிடித்துப் போட்டார். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார். இரண்டு சனிக்கிழமை அப்படி. பிறகு போடுவதில்லை.

மணி மூன்றாகியிருந்தது. கீழ் வீட்டுச் சமையலறையில் சித்தி தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"விடுங்க சித்தி, நான் கழுவறேன்."

"இருக்கட்டும். கை சும்மா இருந்தா நடுங்குது." சித்தி இன்னொரு தம்ளரை எடுத்தார். "உங்கப்பா வருவாரா?"

"வருவார் சித்தி."

"வரலைன்னாலும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கோவம் இருக்கறவர் எப்படி வருவாரு?"

"கோவமா? இத்தனை வருஷத்துக்கப்புறம் என்ன கோவம் சித்தி."

"இல்லாமலா ஒயரப் புடுங்கினாரு?"

சித்தி அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரலில் சண்டை இல்லை.

"மொதல்ல ரிப்பேர்னுதான் நெனச்சோம். டெய்லி ஏழு மணிக்கு டிவியப் போட்டுட்டு உக்காருவாரு. சிக்னல் இல்லைன்னு நீலமா வரும். அரை மணி நேரம் அதையே பாத்துட்டு அணைச்சிடுவாரு. தனியா ஒண்ணு போட்டுக்கலாம்னேன். பையனும் சொன்னான், நெட்டு போட்டுத் தரேன்பா, நீ கேக்கறதெல்லாம் வரும்னான். வேணாம்னுட்டாரு. மேல என்ன ஓடுதோ அதான் வேணுமாம், என்ன மனுஷனோ. ஒரு மாசம் கழிச்சு ஜன்னல்ல எட்டிப் பாத்திருக்காரு, ஒயரே இல்ல. சுத்தமா எடுத்திருக்கு. 'அண்ணனுக்குக் கோவம் இன்னும் போகல போல'ன்னாரு. அவ்வளவுதான். டிவி மேல ஒரு துணியப் போட்டு மூடிட்டாரு."

நான்தான் சித்தி. அப்பா இல்லை, நான். சொல்லிவிட நினைத்தாள். கழுவிய தம்ளர்களை எடுத்து அடுக்கினாள். வாசலிலிருந்து தையல்காரர், வண்டி கிளம்பிவிட்டதாம் என்று குரல் கொடுத்தார். பாப்பா அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வந்து, படியேறினாள்.

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் வந்து நின்றதும் கேட்டார்.

"அந்தப் பையன் போன்ல பாக்குறானாமே."

"ஆமாப்பா."

"அத இந்த டிவியில போட முடியுமா?"

முடியும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சித்தப்பா மகன் முகமும் வரும், கண்ணாடிப் பெட்டியும் வரும், படம் கொஞ்சம்கூட நிற்காது. நெட் அவ்வளவு நன்றாக இருந்தது.

"முடியும். போட மாட்டேன்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று படியேறும்போது நினைத்துக்கொண்டுதான் வந்தாள். வாயில் வந்தது வேறு மாதிரி வந்தது.

"ஒயர நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு சித்தப்பா நெனச்சிருக்கார். கோவத்துல எடுத்துட்டீங்கன்னு. நாலு மாசமா."

அப்பா தன் கையைப் பார்த்தார். "சொல்லிக்கறேன்னியே அந்தக் கேபிள்காரன்கிட்ட."

"சொல்லலப்பா."

"சொல்லல," என்றார் அவர். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் பேசினார். "எனக்குத் தெரியும். சனிக்கிழமை அவன் சத்தமே வரல. தனியாப் போட்டிருந்தா சத்தம் வந்திருக்கும். உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்ல, நானே எறங்கிப் போய் 'ஏன்டா, டிவி வரலையா'ன்னு கேட்டிருக்கலாம். அவன் கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

பாப்பாவுக்கு அழுகை வந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் மோடத்தின் ஒயரைக் கண்டதும் காலைத் தூக்கி, மிதிக்காமல் தாண்டினார்.

அவர் வந்ததைப் பார்த்ததும் வாசல் அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வழி விட்டார்கள். தையல்காரர் போனைப் பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்க்க வெளியே போனார். அப்பா கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தார்.

"எளச்சிட்டான்," என்றார்.

சித்தி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "வாங்க மாமா," என்றார்.

"அந்த ஒயரு," என்று அப்பா ஆரம்பித்தார்.

"சித்தி, அது வந்து..." என்றாள் பாப்பா.

அப்பா திரும்பிப் பார்க்காமலே அவள் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். "நான்தான் எடுக்கச் சொன்னேன். நெட்டு சரியா வரலைன்னு. கோவத்துல இல்ல. சொல்லிட்டு எடுத்திருக்கணும், சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அறையில் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லப் பாப்பாவுக்கு அப்போதும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவள் இந்தத் தடவையும் சொல்லவில்லை.

"கோவம் இல்லையா?" என்று சித்தி கேட்டார்.

"இல்ல."

சித்தி வந்து பெட்டியருகே குனிந்தார். சித்தப்பாவின் காது இருக்கிற பக்கமாகக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"கேட்டீங்களா," என்றார். "கோவமெல்லாம் இல்லையாம்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார். பாப்பாவின் கையில் இருந்த போனிலிருந்து சித்தப்பா மகனின் குரல் வந்தது.

"அக்கா, படம் ரொம்ப ஆடுதுக்கா. நெட்டு போயிடுச்சா?"

"இல்லடா," என்றாள். "நெட்டு நல்லாத்தான் இருக்கு."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.