கழுத்துக் குழியில் இருந்த நிழல்

பூங்காவனத்துக்கு ஒரு வாரமாகவே இருப்புக் கொள்ளவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணவன் பாண்டுரங்கன் நடத்தும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, தான் எடுத்த விசேஷப் படங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தாள். கர்மம்! அத்தனையும் ஒரே மாதிரி. சிவப்புப் புடவை, மஞ்சள் முகம், பச்சைப் பந்தல். கண் கூசியதே தவிர ஒரு முகமும் மனசில் நிற்கவில்லை. இந்தக் கலர்தான் நம்மை ஏமாற்றுகிறது என்று தோன்றியது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றினாள். கத்திரிக்காய், அம்மிக்கல், எருமையின் இடுப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினாள். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே ஒதுங்குகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

போன ஞாயிறு திருமுக்கூடலுக்குப் போனபோதும் அதே பைத்தியம்தான். அங்கே வாழ்க்கைப்பட்ட தங்கை சுகந்திக்கு ஏழாம் மாதம். சீர் பேசப் போனவள், தங்கையை ஜன்னலோரம் உட்காரவைத்து இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

வளைகாப்பு அன்றைக்காவது கேமராவைக் கலருக்கு மாற்ற வேண்டாமா? மறந்தே போனாள். எடுத்தவுடன் பார்த்திருக்கலாமே என்பீர்கள். "ஸ்கிரீன பாத்துக்கினே இருந்தா பாட்டரி பூடும்டி" என்பது பாண்டுரங்கன் தினமும் பாடும் பாட்டு. அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, திரையையே அணைத்து வைத்திருந்தாள். அதே ஜன்னலோரம் மணை போட்டு சுகந்தியை உட்கார வைத்தார்கள். வளையல் ஏறவில்லை. எண்ணெய் தடவித் தடவி ஏற்றினார்கள். "புள்ளைக்கு இன்னா பூரிப்பு பாரு" என்று மாமியார் எல்லம்மாள் கன்னம் வழித்து நெட்டி முறித்தாள்.

மத்தியானம் ஸ்டூடியோவுக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"அடிப்பாவி! வளைகாப்ப எடுக்கச் சொன்னா கருமாதி போட்டோ மாரி எடுத்துக்கினு வந்துகீறியே! அந்த எல்லம்மாவுக்கு இன்னாடி பதில் சொல்லுவ?" பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொண்டான்.

பூங்காவனத்தின் கண் ஒரு படத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு எடுத்த படத்தையும் பக்கத்தில் திறந்தாள். அதே ஜன்னல், அதே பக்கத்து வெளிச்சம். அன்றைக்குத் தங்கையின் கழுத்துக் குழியில் நிழல் இருந்தது. கன்னத்து எலும்புக்குக் கீழே இன்னொன்று. இன்றைக்கு இரண்டையும் காணோம். முகம் வழவழவென்று உப்பிக் கிடந்தது. கணுக்கால் முட்டியும் தெரியவில்லை. கலரில் மஞ்சளும் சந்தனமும் பட்டும் பளபளத்திருந்தால் அவளும்தான் பூரிப்பு என்று நினைத்திருப்பாள்.

எதிர்வீட்டு ராணியம்மாளின் மகளுக்கும் இப்படித்தான் முகம் உப்பியது. ஜன்னி கண்டு, பிள்ளையும் அவளுமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பூங்காவனம் செல்லை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள்.

"தல வலிக்குதாடி?"

"ஆமாங்க்கா. ஒரே கும்பலு, அதான். கண்ணுல பூச்சி பறக்கறா மாரி கீது."

பாண்டுரங்கனின் வண்டியில் தொற்றிக்கொண்டு திருமுக்கூடல் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"அத்தை, சுகந்திய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போலாம்."

"நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரியா? கண்ணு பட்டுகீது, சுத்திப் போட்டா சரியாப் பூடும்" என்றாள் எல்லம்மாள். "நாளைக்கு அஷ்டமி, மறாநாளு நவமி. தசமிக்கு உன் அம்மா வூட்டுக்கு அனுப்பறேன். அப்புறம் எங்க வேணா காட்டு."

கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பூங்காவனம் கேமராவை நீட்டினாள். "அத்தை, போட்டோ எல்லாம் கருப்பு வெள்ளையா பூட்ச்சி. இங்க வெளிச்சம் பத்தாது. மால வாடறதுக்குள்ள ஸ்டூடியோவுக்கு வந்தா மறுபடி எடுத்துடலாம்."

அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது. விளங்காதவள், குடி கெடுக்க வந்தவள் என்று வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் ஆட்டோவைக் கூப்பிட்டவள் எல்லம்மாளேதான். மாலையும் கையுமாக மருமகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

பூங்காவனம் டிரைவரிடம் காதோடு காதாகச் சொல்லிவைத்தபடி ஆட்டோ உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியபோது, "என்னியா ஏமாத்தற?" என்று எல்லம்மாள் போட்ட கூச்சலில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். டாக்டரம்மா ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டால், தங்கை இந்த மாமியாரிடம் ஆயுசுக்கும் சொல்லடி படுவாள். ஒன்றுமில்லாமலே இருக்கட்டும் சாமி, அந்த ஏச்சையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று பூங்காவனம் வேண்டிக்கொண்டாள்.

நர்ஸ் பிரஷர் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

"இன்னும் ஒரு ராத்திரி வீட்டுல வச்சிருந்தீங்கன்னா ஜன்னி வந்திருக்கும்" என்றாள் டாக்டரம்மா. "ஊசி போட்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். நேரத்துக்கு வந்துட்டீங்க, காப்பாத்திடலாம். முதல்ல அந்த வளையலை எடுங்க, கை வீங்கியிருக்கு."

பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாத வளையல். எண்ணெய் தடவியும் நகரவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலின் பிடியை ஓங்கினாள்.

"தள்ளும்மா" என்றாள் எல்லம்மாள். மாலையைக் கீழே வைத்தாள். தன் முந்தானையை மருமகளின் மணிக்கட்டில் சுற்றி, கண்ணாடி குத்தாமல் ஒவ்வொன்றாக அழுத்தி உடைத்தாள். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சுகந்தியின் கையில் மருந்து இறங்கத் தொடங்கியது. எல்லம்மாள் வராந்தாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கருப்புப் போட்டோவக் காட்டு."

பூங்காவனம் திரையைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் காட்டினாள். பிறகு இன்றையதை. கழுத்துக் குழியை விரலால் தொட்டுக் காட்டினாள். எல்லம்மாள் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"தெனம் நான்தான்டி இவளுக்குத் தல வாரி வுடறேன்" என்றாள். "எனக்குத் தெரியலையேடி."