கட்டிப்பிடி அளவு

லைல் பக்னர் மூன்றாவது தடவையாக அந்த உறையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்ததும் வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைத்துப்பாக்கியை இடது கக்கத்துக்கடியில் மாட்டிக்கொள்ளும் தோலுறை தைப்பதில் மொன்டானாவின் அந்தக் கோடியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாங்கிப்போனவர்கள் மச்சானையோ மாமனாரையோ அனுப்புவார்களே தவிர, உறையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இந்த மனுஷன் மட்டும் வந்துகொண்டே இருந்தான்.

“கைக்கு எட்ட மாட்டேங்குது வெர்னா. பின்னாடி போய் உக்காந்துக்குது.”

“போன தடவைதானே முன்னாடி இழுத்துக் குடுத்தேன்?”

“இன்னும் கொஞ்சம் இழு.”

“இன்னும் இழுத்தா உன் தொப்புள்லதான் தொங்கும். அளவெடுக்கிறப்போ வயித்தை எக்கிக்கிட்டு நின்னியா?”

“என்னைப் பார்த்தா எக்குற ஆளாவா தெரியுது?”

தெரிந்தது. இன்ச் டேப்பைக் கண்டால் எந்த ஆம்பிளை ஒழுங்காக நிற்கிறான்? வயிறு உள்ளே போகும், மார்பு முன்னே வரும், மூச்சு நின்றுவிடும். அந்த மூச்சுக்குத் தைத்துக் கொடுத்தால் வண்டியில் உட்கார்ந்ததும் வார் கழுத்தை அறுக்கும். அப்புறம் பழியெல்லாம் தைத்தவள் தலையில்.

லைல் ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பறிவாளன். வெர்னாவின் தம்பி ஆர்விட்டும் அவனும் வருஷக்கணக்காக ஒரே காரில் சுற்றுகிற ஜோடி. அந்த முகத்துக்காகத்தான் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தையலைப் பிரித்துத் தைத்தாள். திங்கட்கிழமை அவனுக்குச் சுடுதளத்தில் தேர்வு. உறையிலிருந்து உருவிச் சுட வேண்டும். தவறினால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு மேஜை வேலையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

“கோட்டைக் கழட்டாதே, அதோடயே நில்லு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடுக்கிறேன். மூச்சை விடுய்யா!”

முதுகு எடுத்தாள். மார்பு எடுத்தாள். எல்லாம் பழைய அளவேதான், அரை அங்குலம்கூட மாறவில்லை. டேப்பைச் சுழற்றி எறியலாம் போலிருந்தது. கடைசியாக ஒன்று பாக்கி. இரண்டு கைகளையும் குறுக்கே போட்டுத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளச் சொல்லி, விரிகிற முதுகை அளப்பாள். துப்பாக்கியை உருவும்போது முதுகு அவ்வளவு விரியும். கடைக்கு வருகிறவர்கள் அதைக் கட்டிப்பிடி அளவு என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

“கட்டிக்கோ.”

“நீதான் வந்து கட்டிக்கோயேன்” என்று லைல் கண்ணடித்தான்.

வெர்னாவின் கை அப்படியே நின்றது. முதலில் அளவெடுத்தபோதும் இதையேதான் சொன்னான். ‘சீ போய்யா’ என்று அதை விட்டுவிட்டு, குத்துமதிப்பாக வெட்டினாள். திருப்பிக் கொண்டுவந்த இரண்டு தடவையும் அவன் கையில் காப்பிக் குவளை இருந்தது, அப்போதும் விட்டுவிட்டாள். தெரிந்தவன்தானே என்ற மெத்தனம். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

“விளையாடாதே லைல். வலது கையை இடது தோள்ல வை.”

“எதுக்கு இப்ப...”

“வைய்யா!”

கை மார்புவரை வந்தது. அங்கேயே நின்று நடுங்கியது. இடுப்பைத் திருப்பினான், தோளைக் குலுக்கினான், நெற்றியில் வேர்த்தது. கை மேலே போகவில்லை.

“எப்பலேர்ந்து?” என்றாள் வெர்னா.

“பனிக்காலத்துல வழுக்கி விழுந்தேன். சரியாப்போயிடும். நீ மட்டும் உறையை இன்னும் ரெண்டு விரக்கடை முன்னாடி இழுத்துட்டா, திங்கக்கிழமையை ஒப்பேத்திடுவேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

“யாருக்கும்னா? ஆர்விட்டுக்குமா?”

“அவனுக்குத்தான் முதல்ல தெரியக் கூடாது” என்றான் லைல்.

“அடப்பாவி! உன்னை நம்பித்தானேய்யா என் தம்பி கண்டவன் வீட்டுக் கதவையெல்லாம் தட்டுறான்! உள்ள ஒருத்தன் துப்பாக்கியை நீட்டினா, நீ தோளைக் குலுக்கிக்கிட்டு நிப்பியா?”

கதவு திறந்தது. காரில் காத்திருந்து சலித்துப்போன ஆர்விட் உள்ளே வந்தான். “தெருமுனை வரைக்கும் கேக்குதுக்கா. என்ன கூச்சல்?”

“உன் ஜோடிக்காரனைத் துப்பாக்கி எடுக்கச் சொல்லிப் பாரு! இடது தோளைத் தொடச் சொல்லு, அது போதும்!”

ஆர்விட் லைலைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“கை. மூணு மாசமா இடது கையாலதான் சாப்பிடுறான். பக்கத்துலயே உக்காந்திருக்கேன், தெரியாதா? அதான் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முன்னாடி போயிடறேன்.”

லைல் வயிற்றை எக்குவதற்கும் மறந்துபோய், கோட்டுக்குள் சரிந்து நின்றான். “நீ ஆர்வத்துல முன்னாடி ஓடுறேன்னு நினைச்சேன்டா” என்றான்.

வெர்னாவுக்கு இரண்டு பேர் மண்டையையும் சேர்த்து மோத வேண்டும் போலிருந்தது. வார் அறுக்கும் கத்தியை எடுத்து, தான் இரண்டு தடவை பிரித்துத் தைத்த அந்த வாரை ஒரே இழுப்பில் அறுத்தாள். துண்டு மேஜையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“இனி இதை நான் தைக்கிறதா இல்ல. போய் ஷெரிஃப்கிட்ட சொல்லு.”

லைல் குனிந்து அந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். பிறகு இடது கையால் இடுப்பிலிருந்த ஷெரிஃப் அலுவலக அடையாள வில்லையைக் கழற்றி ஆர்விட்டிடம் நீட்டினான்.

“ஷெரிஃப்கிட்ட நீயே குடுத்துடு. அவர் மேஜையில நான் இதை வைக்கிறப்போ கை நடுங்கினா அசிங்கம்.”

இருவரும் கதவை நோக்கி நடந்தார்கள். வாசலில் ஆர்விட் பழக்கதோஷத்தில் ஒரு எட்டு முன்னால் போனான். லைல் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டு, தான் முதலில் வெளியே போனான்.