பிளக்காத விறகுக்கு வயது இல்லை

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே ஒப்பந்தம். முதல் குளிர் நாளில் கூடத்து இரும்பு அடுப்பு புகையாமல் எரிய வேண்டும். புகைந்தால் அடுப்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும், அறைக்கு ஒன்றாக ஹீட்டர் வரும். வாத்தியாருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அந்த அடுப்பின் முன்னால் மட்டும்தான் அவள் அவர் பக்கத்தில் உட்காருகிறாள். ஹீட்டர் வந்தால் அவள் ஓர் அறை, இவர் ஓர் அறை. இதை வாய்விட்டுச் சொல்வாரா? மாட்டார். வீம்பு பிடித்த மனிதர்.

"ரெண்டு வருஷம் காய்ஞ்ச விறகு. கற்பூரமா பத்திக்கும் பாரு" என்று மார்தட்டினார்.

இரண்டு வருடம் என்னவோ நிஜம்தான். ஆனால் மரம் முழுத் தடிகளாக, பட்டையோடு கொல்லையில் கிடந்தது. மழை படக்கூடாது என்று தார்ப்பாயால் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, காற்றுகூட நுழையாமல் இறுக்கிக் கட்டியிருந்தார். கோடாலியைத் தொட்டதே முதல் குளிர் நாளான இன்று காலையில்தான்.

அடுப்புக்குள் விறகு சீறியது, நுனியில் நுரை தள்ளியது. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்திருந்த மைத்துனன் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினான். காய்ந்திருந்தால் 'டங்' என்றிருக்கும். 'தொப்' என்றது.

"மாமா, வெட்டின நாள்லேர்ந்து இல்ல, பிளந்த நாள்லேர்ந்துதான் கணக்கு. பட்டைக்குள்ள இருக்கிற தண்ணி எங்க போகும்? உங்க விறகுக்கு வயசு அஞ்சு மணி நேரம்."

கணக்கு வாத்தியாரிடம் போய் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! கூடம் முழுக்கப் புகை. மைத்துனன் இருமிக்கொண்டே நழுவினான். ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த ஒரே கம்பளியோடு இருவரும் வாசல் படிக்கு ஓடினார்கள்.

"நீ ஜெயிச்சுட்ட" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா ஹீட்டர் ஒண்ணே ஒண்ணு போதாதா?"

"ஏன், ஒண்ணு மட்டும் எதுக்கு?"

"அப்பதான் நீ பக்கத்துல உட்காருவ."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மக்கு வாத்தியாரே, இதை வாயத் திறந்து சொன்னா என்ன? சரி, மிச்சத்தையெல்லாம் பிளந்து, காத்து போற மாதிரி அடுக்கினா எப்ப காயும்?"

"ஒரு வருஷம் ஆகும்."

"அப்ப அடுப்பு இருக்கட்டும். ஒரு வருஷத்துக்குக் கம்பளிதான். கொஞ்சம் நகருங்க, முக்கால்வாசி உங்க தொப்பைக்கே போயிடுது."