அரசிக்குப் பதிலாக நின்றவள்

எங்கள் தையற்கடைப் பலகையில் இன்னும் கிரீடம் இருக்கிறது. அரண்மனைக்குத் துணி தைத்த கடை என்பதற்கு அடையாளம். அரண்மனை இப்போது பாதி மியூசியம், மீதி புறாக்களுக்கு. ஆனாலும் பலகையைக் கழற்ற எனக்கு மனசில்லை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் அடங்கிப் பேசுகிறார்களே, அது போதாதா?

மியூசியத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். அரண்மனைக்கு வேலை செய்த கடைகளையும் குடும்பங்களையும் தேடித் தேடிப் பதிவு செய்பவர். கடைசி அரசி கடைசியாக உடுத்திய வெள்ளைப் பட்டு உடையைப் பூச்சி அரித்துவிட்டதாம். கண்காட்சிக்கு அதே மாதிரி ஒன்று வேண்டுமாம்.

"அரசியோட அளவு உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டார்.

"அளவும் இருக்கு, அந்த அளவுக்கு நின்ன ஆளும் எங்க வீட்டுலதான் இருந்தா," என்றேன். பெருமைதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அரச குடும்பத்து உடம்பைக் கடைக்காரன் தொடக் கூடாது. அரசியின் தோழி அளவெடுத்து அனுப்புவாள். அதே அளவில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி கடையில் நிற்பாள். குண்டூசி குத்துவது, மடிப்பது, பிரிப்பது எல்லாம் அவள் மேல்தான். அரசி பருத்தால் இவளுக்குப் பாலும் வெண்ணெயும். அரசி இளைத்தால் இவளுக்குப் பட்டினி. கடைசி அரசிக்காக நின்றவள் எங்கள் தாத்தாவின் அக்கா. அரசியால் ஓவியனுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார முடியாதென்று, படத்துக்கும் இவளையே உட்கார வைத்தார்களாம். மியூசியத்தில் அரசி என்று எல்லாரும் கும்பிடாத குறையாகப் பார்க்கும் முகம் எங்கள் வீட்டு முகம்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த என் தங்கையைப் பார்த்ததும் மேடம் பேச்சை நிறுத்திவிட்டார். சிட்டு என்போம் அவளை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் சிட்டு.

"தினமும் உங்க படத்துக்குக் கீழதான் நான் உக்காந்து வேலை பாக்கறேன்," என்றார் மேடம்.

பரணிலிருந்து அளவு நோட்டை இறக்கினேன். ஒரே பக்கத்தில் இடப்புறம் 'அரசி', வலப்புறம் 'நம்மவள்'. முதல் வரி சிட்டுவின் உடம்போடு கால் இஞ்ச் பிசகாமல் பொருந்தியது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எங்கள் கடையில் டேப் வைத்த கையோடு அளவு நோட்டில் ஏறிவிட வேண்டும். எழுதாத அளவு அளவே இல்லை. என் கை தானாகப் பேனாவை எடுத்தது. 'நம்மவள்' வரிசைக்கு அடியில் இடம் காலியாக இருந்தது. புது நோட்டு எதற்கென்று அங்கேயே எழுதினேன். இடுப்பு இருபத்தெட்டு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, அளவு பார்க்க ஓடுதையல் போட்ட உடையை அவளுக்கு மாட்டினால் தொளதொள என்றிருந்தது.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருக்கே. காதல் கீதல்னு ஏதாவதா?"

"போக்கா. உன்னைவிட ரெண்டு மடங்கு சாப்பிடறேன்."

பொய்யில்லை, சாப்பிட்டாள். இருபத்தேழு என்று எழுதினேன். மூன்றாவது திங்கள் இருபத்தாறு. டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், கடைசியில் நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். இதைச் சொல்ல இவ்வளவு படிப்பு வேண்டுமா என்று வாசலிலேயே திட்டிவிட்டு வந்தேன்.

நான்காவது திங்கள் இருபத்திநாலு என்று எழுதும்போதுதான் கண் மேலே போனது. தாத்தாவின் அக்காவுக்கும் அதே எண்கள். இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்திநாலு. பிறகு இருபத்திரண்டு. பிறகு பத்தொன்பது. அதன் பின் ஒன்றுமில்லை. இடப்புறம் அரசிக்கும் அப்படியே. அரசி இருபத்தாறு வயதில் இனம் தெரியாத காய்ச்சலில் இறந்ததாக மியூசியப் பலகை சொல்கிறது. அதே வாரம் எங்கள் பெண்ணும் போனாள். காய்ச்சல் ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்வார்கள்.

உடையைப் பெட்டியில் போட்டு மூடினேன். சிட்டுவின் வரிகள்மேல் கோடு அடித்தேன். மறுநாளே அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. திங்கட்கிழமை மனசு கேட்காமல் அளந்தேன். இருபத்திரண்டு. நான் எழுதவில்லை, ஆனாலும் இருபத்திரண்டு. நோட்டை எரித்திருக்கலாமே என்பீர்கள். ஒரு கோட்டுக்கே இந்தப் பாடு. எரித்துப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை.

உச்சி வெயிலில், வெட்டுமேசைமேல் மூன்று போர்வைக்குள் கிடந்தாள் சிட்டு.

"அக்கா, குளிருது. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"வாயைக் கழுவு," என்றேன்.

அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஊசியில் நூல் கோர்க்கக் கற்றுக்கொடுத்து வளர்த்தது நான். அவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? அந்த நோட்டுக்கு நிற்க ஒருத்தி வேண்டும், அவ்வளவுதானே. டேப்பை என் இடுப்பில் சுற்றினேன். சிட்டுவின் வரிக்குக் கீழே 'நம்மவள், முப்பத்திரண்டு' என்று மையால் எழுதினேன். மூடிய பெட்டிக்குள் பட்டு சரசரத்தது. எலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை சிட்டு மூன்று முட்டை சாப்பிட்டுவிட்டு நான்காவது கேட்டாள். சமையலறையில் ஒளிந்துகொண்டு அழுதேன்.

மேடத்திடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, மூடி வைத்த வேலையைத் திரும்ப எடுத்தேன். முதல் வரியின் அளவுக்கே தைத்து முடித்தேன். அதற்குள் நான்கு திங்கட்கிழமைகள். சிட்டுவின் கன்னம் பழையபடி உப்பிவிட்டது. உடையை வாங்க வந்த மேடம், யாராவது போட்டுக் காட்டினால் நன்றாயிருக்கும் என்றார். சிட்டு எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே மாட்டிக்கொண்டேன். இருபத்தெட்டு. எல்லாக் கொக்கிகளும் மாட்டிக்கொண்டன.

"அரசியே வந்து நின்ன மாதிரி இருக்கு," என்று மேடம் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் சிட்டு டேப்போடு என்னைச் சுற்றி வந்தாள். கண்ணில் அத்தனை ஆசை.

"எப்படிக்கா இப்படி இளைச்சே? ரகசியத்தைச் சொல்லேன், நானும் செஞ்சு பாக்கறேன்." ஒரு கையால் தன் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டே, மறுகையால் நோட்டைத் திறந்து பேனாவைத் தேடினாள்.

பளாரென்று அறைந்தேன். வளர்த்த இத்தனை வருஷத்தில் அவள்மேல் நான் கை நீட்டியது அன்றுதான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என்ன தப்புச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. நோட்டைப் பிடுங்கிப் பரணில் எறிந்துவிட்டு, தட்டில் சாப்பாடு போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.