அரைப்பக்கம்

"இந்த லிஃப்ட் முனகுதுக்கா. எட்டு பேர் ஏறலாம்னு போட்டிருக்கான், நான் ஒருத்தன் ஏறினதுக்கே அழுகுது," என்றபடி தம்பி வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"அதையும் நின்னு படிச்சியாக்கும்?"

"ரெண்டு தரம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனதிலிருந்து அவன் இப்படித்தான். கதவில் ஒட்டியது, சுவரில் மாட்டியது, மருந்துப் பாட்டிலின் முதுகில் பொடியெழுத்தில் இருப்பது, எதையும் விடமாட்டான். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கடைசி எழுத்துவரை போய்வந்த பிறகுதான் கையை வைப்பான்.

"உட்கார்டா அரைப்பக்கம். டீ அப்புறம், வேலை முதல்ல."

அந்தப் பேருக்கு அவன் முகம் சுளிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. காலையில் அவன் பெண்டாட்டிகூட, "உங்க அரைப்பக்கம் கிளம்பியாச்சு அண்ணி" என்றுதான் போன் பண்ணினாள்.

அக்காவின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. குளியலறையில் வழுக்கியதன் புண்ணியம். இடது கையால் தட்டினால் கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக வந்தது. மகளைக் கேட்கலாம்தான். கேட்டால், "அதையெல்லாம் யாரும்மா படிக்கிறா?" என்பாள். தவிர, அவளுக்கு இன்று விடுமுறை இல்லை, தம்பிக்கு உண்டு.

கணினியின் பொத்தானை அமுக்கியதும் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்விழித்து, மற்றவற்றைத் தட்டியெழுப்புகிற சின்ன நிரல் ஒன்று இருக்கிறது. பூட் லோடர் என்பார்கள். யாரை முதலில் எழுப்புவது என்று அதற்குச் சொல்லிவைக்க ஒரு அமைப்புக் கோப்பு. அந்தக் கோப்பை எப்படி எழுதுவது என்று விளக்க ஒரு கையேட்டுப் பக்கம். அந்தப் பக்கம் அக்காவுடையது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடிச் செய்கிற வேலையில் அவள் பங்கு. காலணா வராது. ஆனால் பக்கத்தின் அடியில் அவள் பேர் இருக்கும். அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் ஓட்டினாள்.

இப்போது புதிதாக வந்திருக்கும் தொகுப்பாளர் கறாரான மனிதர். எல்லாக் கையேடுகளையும், படிக்கிறவர்கள் பார்க்கும் அச்சு வடிவமாக்கும் நிரலில் போட்டு, அது முணுமுணுக்கிற எச்சரிக்கைகளையெல்லாம் திரட்டி அவரவருக்கு அனுப்பிவிட்டார். பழைய நாளில் யாரும் அவற்றைக் கேட்டு வாங்கியதில்லை. அக்காவின் பங்குக்கு முப்பதுக்குமேல் வந்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் திருத்திக் கொடுத்தால் புதிய வெளியீட்டில் சேர்த்துக்கொள்வாராம்.

"முதல்ல பழைய பக்கத்தை அப்படியே அச்சு வடிவத்துல எடுத்து ஓரமா வை," என்றாள் அக்கா, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு. "எல்லாம் திருத்தினப்புறம் புதுசையும் எடு. ரெண்டையும் ஒப்பிடச் சொல்லு. ஒப்பிடற நிரல் வாயே திறக்கக் கூடாது."

"திறந்தா?"

"எதையோ கெடுத்துட்டோம்னு அர்த்தம். நாம தையலைத்தான் சரி பண்றோம். சட்டை அதே சட்டைதான்."

"சரி. முதல் எச்சரிக்கை. வரிக் கடைசியில வெற்றிடமாம்."

"தூக்கு."

"நடுவுல சும்மா ஒரு காலி வரியாம்."

"அதையும் தூக்கு."

"தடிச்ச எழுத்தைத் திறந்துட்டு மூடவே இல்லையாம். யாருக்கா இதை எழுதினது? வீட்டுக் கதவைக்கூட மூடமாட்டாங்க போலிருக்கே."

"நான்தான்டா."

"தெரியும். அதான் கேட்டேன்."

இப்படியே போனது. அவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தான், அவள் சொன்னாள், அவன் திருத்தினான், திருத்தியதை இன்னொரு தரம் படித்தான். அக்காவுக்குக் கால் மரத்துப்போனது. இவனோடு இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"இது புதுசா இருக்கே," என்றான் தம்பி. "முதல்தேர்வுங்கற கட்டளை தனக்குத் தெரியாதாம்."

"கட்டளையா? முதல்ல எதை எழுப்பணும்னு அமைப்புக் கோப்புல சொல்ற இடத்தோட பேருடா அது. வரியைப் படி."

"ஒற்றை மேற்கோள் போட்டு, முதல்தேர்வு, மறுபடி ஒற்றை மேற்கோள். 'எதைச் சுட்டுகிறது என்று பார்க்காமல் பழைய பதிவை நீக்கக் கூடாது...'" அவன் குரல் மெதுவானது. "'நீக்கினால் இயந்திரம் எழாது.'"

இரண்டு பேருக்கும் அந்த வரி மனப்பாடம்.

"ஓ, நம்ம பழைய சினேகிதரா," என்று தம்பி சிரித்தான். "இவரைக் கவனிக்காமப் போனதுக்குத்தானே எனக்குப் பேர் வச்சீங்க."

அப்போது அவன் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தான். புது வேலை, புது மனைவி, புதுச் சட்டை. அக்காவின் கையேட்டை வைத்துக்கொண்டு வார விடுமுறையில் எல்லாக் கணினிகளிலும் அமைப்புக் கோப்பில் இருந்த பழைய பதிவை நீக்கிப் புதியதைச் சேர்த்தான். திங்கட்கிழமை ஒன்றுகூட எழவில்லை. கன்னம் வீங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பல் படங்களைத் திறந்து பார்க்க வழியில்லை. பெரிய டாக்டர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "கையேட்டில் அப்படி எதுவும் சொல்லலை சார்" என்றான். அதோடு விட்டானா? "எங்க அக்காதான் அதை எழுதினவங்க, அவங்களையே கேளுங்க" என்று அவனே எண்ணைப் போட்டு டாக்டரிடம் போனை நீட்டினான். அவ்வளவு நம்பிக்கை.

அக்கா என்ன செய்தாள்? தன் கோப்பைத் திறந்து, "இருக்கே டாக்டர், நானே எழுதினேன், படிக்கட்டுமா?" என்று கேட்டு, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். அவளுக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

வேலை போயிற்று. அன்று சாப்பிடும்போது அவன் மறுபடியும், "நான் பார்த்தப்போ இல்லக்கா" என்றான். "அரைப்பக்கம் படிச்சுட்டு மூடி வச்சா எங்கேயிருந்து தெரியும்?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் புது மனைவியும் சிரித்தாள். பேர் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, தூங்கிட்டியா? என்ன பண்ணணும் இதுக்கு?"

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரியின் முதல் எழுத்தாக நின்றுகொண்டிருந்தது அந்த ஒற்றை மேற்கோள். வரித் தொடக்கத்தில் ஒரு புள்ளியோ ஒற்றை மேற்கோளோ இருந்தால், அச்சு வடிவமாக்கும் நிரல் அதைத் தனக்கு இட்ட கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். தெரியாத கட்டளையென்றால் அந்த வரியை முழுசாக விழுங்கிவிட்டுப் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். இது அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். தான் எழுதியதைத் தன் கோப்பில் பார்த்திருக்கிறாளே தவிர, படிக்கிறவன் கண்ணுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அச்சில் அந்த இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவன் பார்த்தபோது அந்த வரி இல்லைதான்.

"வரிக்கு முன்னாடி ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு, அண்ட் குறி போடு," என்றாள்.

"அவ்வளவுதானா? எதுக்கு அது?"

இதுதான் சொல்கிற நேரம். வாயைத் திறந்தாள்.

"எச்சரிக்கை போயிடும்," என்றாள். "நீ போட்டுட்டு மிச்சத்தைப் பாரு. நான் டீ போடறேன்."

"ஒத்தைக் கையாலயா? இரு, நான் வரேன்."

"நீ உட்காரு!"

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டத் தொடங்கினான்.

அடுக்களையில் பால் பொங்குவதற்குள் அவள் எத்தனை முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாளோ. டேய், ஒரு விஷயம். டேய், சிரிக்காதே. இல்லை, வேலையை முடித்துவிட்டுச் சொல்லலாம். சாப்பிட்ட பிறகு சொல்லலாம். போனில் சொல்லலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் கழித்து அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? அவன் இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்? சிரித்துக்கொண்டுதானே இருக்கிறான்? பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

டம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "போதும்டா. அப்படியே அனுப்பிடு. அந்த மனுஷன் காத்துக்கிட்டிருப்பார்," என்றாள்.

"இன்னும் ஒப்பிடலையே."

"நாலு வெற்றிடத்தைத் தூக்கினோம், அதுல என்ன கெட்டுடும்?"

"நீதானே சொன்ன, வாயே திறக்கக் கூடாதுன்னு? முழுசாப் பண்ணிட்டு அனுப்பறேன். இல்லைன்னா அதுக்கும் ஒரு பேர் வைப்பே."

அவன் கட்டளையைத் தட்டினான். நிரல் வாயைத் திறந்தது. ஒரே ஒரு வரி, முன்னால் கூட்டல் குறியோடு.

"ஐயையோ," என்று அவன் கையை எடுத்துக்கொண்டான். "எதையோ கெடுத்துட்டேன்க்கா. ஒரு வரி கூடுதலா வருது. எங்கே தொட்டேன்னு தெரியலையே. இரு, இரு, ஒவ்வொண்ணா பின்னாடி போய்ப் பார்க்கறேன்."

அவன் நெற்றி வியர்த்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை டாக்டர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"நீ ஒண்ணும் கெடுக்கலைடா."

"இல்லக்கா, வந்திருக்கே, பாரு..." அவன் வரியைப் படித்தான். வாய்விட்டு இல்லை. உதடு மட்டும் அசைந்தது. ஓரமாக வைத்திருந்த பழைய பக்கத்தைத் திறந்தான். மேலிருந்து கீழே வந்தான். மறுபடி மேலே போனான். "பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கலாம்" என்று இருந்தது. அதற்கு அடுத்து வேறு விஷயம் தொடங்கிவிட்டது.

"இதுல இந்த வரி இல்லையே."

"இல்லை."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. என் கோப்புல இருந்தது. அச்சுல வரவே இல்லை."

தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நான் முழுசாத்தான் படிச்சிருக்கேன்," என்றான்.

"ஆமாண்டா."

"எனக்கே நம்பிக்கை போயிருச்சுக்கா. ஏதோ நினைப்புல ஒரு வரியைத் தாண்டிட்டேன்போலன்னு நானே சொல்லிக்கிட்டேன். சாதம் வடிக்கிற நேரத்தைக்கூட ரெண்டு தரம் பார்ப்பேன், தெரியுமா? வீட்ல அவ சிரிப்பா."

"எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே..."

"அது தெரியாம நடந்தது. அதுக்கு நான் என்ன சொல்லப்போறேன்?" அவன் டீயைப் பார்த்தான், எடுக்கவில்லை. "இன்னிக்கு எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

அக்கா மாவுக்கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அந்த வரியைப் படிச்சப்போ."

"டீ போடறதுக்கு முன்னாடியே."

"ம்."

"அதான் ஒப்பிட வேணாம்னியா?"

அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு அழுதிருக்கலாம். அவன் மறுபடியும் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"திருத்தத்தோட ஒரு குறிப்பு எழுதணுமே. எப்பவும் என்ன எழுதுவே?"

"வடிவம் மட்டும், அச்சில் மாற்றமில்லைன்னு எழுதுவேன். இப்போ அப்படி எழுதாதே. நான் சொல்றேன். ஒரு வரி இதுவரை அச்சில் வராமல் இருந்தது. இனி வரும். அதனால் நேர்ந்த தவறு என்னுடையது, படித்தவருடையது அல்ல."

முதல் இரண்டையும் தட்டினான். நிறுத்தினான்.

"மூணாவது?"

"அது வேணாம்க்கா."

"எனக்கு வேணும்டா. எல்லாரும் பார்க்கட்டும்."

"அவங்களுக்கு எதுக்கு? எவனோ எங்கேயோ உட்கார்ந்து படிப்பான். யாரோட தவறுன்னு அவனுக்கு என்ன? சொல்ல வேண்டியது என்கிட்ட. அதுக்குத்தான் உனக்கு நேரம் இருந்துச்சு." எழுதியதை இரண்டு தரம் படித்துவிட்டு அனுப்பினான். எழுந்தான்.

"சாப்பிட்டுப் போடா."

"அவ காத்துக்கிட்டிருப்பா. லிஃப்டையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போகணும். கையை ஆட்டாதே. ஒத்தைக் கையால பாத்திரம் தூக்காதே." செருப்பு மாட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சற்றைக்கெல்லாம் மகள் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"அரைப்பக்கம் மாமா வந்திருந்தாரா? லிஃப்டை நிறுத்தி வச்சுட்டார்மா. உள்ளே தகட்டுல என்னமோ எழுதியிருக்காம், நின்னு படிச்சுக்கிட்டிருக்கார்."

"அவனை அப்படிக் கூப்பிடாதே."

"ஏன்? நீ வச்ச பேர்தானே?"

"அவன் முழுசாத்தான் படிச்சான்டி."

"எதை?" என்றாள் மகள், பையை நாற்காலியில் எறிந்துகொண்டே. பதிலுக்கு நிற்கவில்லை. மேசைமேல் ஆடை கட்டிப்போன டீயைப் பார்த்துவிட்டு, "ஐய, இது யாரோடது, குடிக்கவே இல்லை?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.