சுருங்கிப்போன சக்களத்தி

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி தையல்காரியான மனைவி. இன்னொன்று, கூடத்து மூலையில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் பவளம். மாலையில் கோக்கிற பவளமென்று நினைத்துவிடாதீர்கள். கீழே தானே கட்டிக்கொண்ட கல்கூடு, மேலே உப்பிய பச்சைச் சதை, சாட்சாத் உயிருள்ள பிராணி. கட்டைவிரல் அளவில் வாங்கி வந்ததை உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தார். வேலை முடிந்து வந்தால் தோள் பையைக்கூட இறக்காமல் நேரே தொட்டிக்குத்தான் போவார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வந்துட்டாரு, சக்களத்தியைப் பார்க்க!" என்று மிஷினை ஓங்கி மிதிப்பாள்.

வெளியூர் வேலைக்கு ஒரு வாரம் கிளம்பியவர், "தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கினா ஊத்தி விடு, கேன் கீழ இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். கீழே இருந்ததோ இரண்டு கேன். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் உப்பு கலந்த தண்ணீர். எதை ஊற்றுவதென்று சொல்ல அந்தப் புண்ணியவானுக்கு வாய் வரவில்லை. உப்புத் தொட்டிக்கு உப்புத் தண்ணீர்தானே என்று இவளும் தினமும் தாராளமாக ஊற்றினாள்.

வாரம் பாதி போவதற்குள் பவளம் சுருங்கிவிட்டது. சதை ஒட்டிப்போய் அடியிலிருந்த கல்லின் வரிகள் தெரிந்தன. இத்தனை நாள் வாய்க்கு வாய் சக்களத்தி என்று கரித்துக் கொட்டியவள் அவள். இது செத்தால், வேண்டுமென்றே கொன்றுவிட்டாள் என்றல்லவா அவர் நினைப்பார்?

அன்று சாயங்காலம் ஃபோன் வந்தது.

"வீட்ல எல்லாம் எப்படி இருக்கு?"

"யாரைக் கேக்கறீங்க? என்னையா, அதையா?"

"ரெண்டு பேரையும்தான்."

"நல்லாத்தான் இருக்கோம்" என்று பொய் சொன்னாள்.

மறுநாள் மதியம் அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு, வந்த ஒருத்திக்கு அளவெடுக்கப் போய் மறந்தே போனாள். ஓடி வந்து பார்த்தால் பாதியாகச் சுண்டிக் கிடந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். ஒரே கரிப்பு! சரி, தண்ணீர் விடுவோமென்று செம்பைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"அடிப் பாவி! தொட்டியிலயும் ஆவியாப் போனது தண்ணி மட்டும்தானே? உப்பு எங்க போகும்?"

தொட்டிப் பக்கம் ஓடினாள். தொட்டிக்குள் மாட்டியிருந்த, உப்பின் அளவு காட்டும் கருவியின் முள் பச்சைக் கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறி நின்றது. நல்ல தண்ணீர்க் கேனை அப்படியே கவிழ்க்கத்தான் கை பரபரத்தது. ஆனால் இறுக்கிப் பிடிக்கிற சட்டையைக்கூட அவள் ஒரேயடியாகப் பிரிப்பதில்லை; கொஞ்சம் தளர்த்தி, போடச் சொல்லிப் பார்த்துத்தான் இன்னும் தளர்த்துவாள். தொட்டியிலிருந்து ஒரு குவளை உப்புத் தண்ணீர் எடுத்தாள், ஒரு குவளை நல்ல தண்ணீர் விட்டாள். காலையிலும் மாலையிலும் அதே வேலை. முள் மெல்ல மெல்ல இறங்கியது.

"ஏண்டி, என் மானத்தை வாங்கிடாதே, உப்பிக்கோடி" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக் கெஞ்சினாள். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் அந்த நிலைமை வந்தால் தெரியும்.

அவர் வந்தார். பையோடு நேரே தொட்டிக்குப் போனார். பவளம் முக்கால்வாசி உப்பியிருந்தது. ஓரத்தில் மட்டும் நகமளவு வெள்ளை, சதை செத்துக் கல் தெரிந்த இடம். அவர் கண் அங்கேயே நின்றது.

அவள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். "வேணும்னு செய்யலைங்க, சத்தியமா."

"எந்தக் கேன்னு சொல்லாம ஓடினவன் நானு. நீ எதுக்கு அழற?" என்றவர், "பாவம், பசியா இருக்கும்" என்று தீனிக் குழாயை எடுத்தார்.

அவள் பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இப்பதான் தேறிட்டு வரா, இன்னிக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. முதல்ல பையை இறக்கி வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க, வந்ததும் வராததுமா அவளைப் பயமுறுத்தாதீங்க."

அவர் பையை இறக்கி வைத்தார்.