கிழக்கே பார்த்த கல்

வழிகாட்டிக் கல்லுக்கு யாரோ செவ்வரளி மாலை போட்டிருந்தார்கள். ஓடி வந்த வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விட்ட விஜயஸ்ரீ, திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி பார்த்தாள். முழங்கால் உயரக் கருங்கல். உச்சியில் குங்குமம், காலடியில் ஒரு அகல், எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள். மாலையை விலக்கியதும் மஞ்சள் அம்பு தெரிந்தது. அது அவளுடைய வலது கைப்பக்கம், வாழைத்தோட்டத்துக்குள் போகச் சொன்னது. ஆறு அதற்கு எதிர்ப்பக்கமல்லவா இருக்கிறது என்று ஒரு நொடி தயங்கினாள். தாணுமாலையன் சார் காரணமில்லாமல் கல் நடுகிறவர் அல்ல, உள்ளே ஏதாவது பழைய மண்டபம் கிடக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வாழைகளுக்கு நடுவே இறங்கி ஓடினாள்.

தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்திலிருந்து, அது கடலில் சேரும் புன்னைக்காயல் வரை ஆற்றோரமாகவே ஒரு நடைவழி. கல்லூரியில் வரலாறு எடுக்கும் தாணுமாலையனுக்குப் பல வருஷப் பைத்தியம் அது. உப்பு வண்டிகளும் காவடிக்காரர்களும் போன பழைய பாதைகளைத் தேடிப் பிடித்து, கல்மண்டபங்களையும் சுமைதாங்கிகளையும் ஒன்றோடொன்று கோத்து, போன புரட்டாசியில்தான் கல் நட்டு முடித்தார். கல்லூரி மதிலுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட் அம்புக்கு உதவியது. இந்தத் தை மாதத்தில்தான் முதல் பயணம். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் போய் நடக்கத் தொடங்கிய எல்லோர் கையிலும் அங்கே மொண்ட தண்ணீர், சின்னச் செம்பில், துணி கட்டி. கடைசி நாள் பொழுது அடையும் முன் அதை முகத்துவாரத்தில் ஊற்ற வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே சட்டம். மற்றவர்கள் நடந்தார்கள். விஜயஸ்ரீ மட்டும் ஓடினாள்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பவள். இருபது வருஷமாக ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் ஆத்தூரும் அவளுக்குப் பலகையில் கம்பி செருகும் ஓட்டைகள்தான். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்த பிறகு வேலை குறைந்து உடம்பு கூடியது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை எந்த நாளில் ஓட்டமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக விடியற்காலையில் அவள் ஓடுவதைப் பார்த்து, "பஸ்ஸ விட்டுட்டியளா அக்கா?" என்று பால்காரர் முதல் பேப்பர்காரர் வரை கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஓடினாள். பள்ளிக்கூடத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வான வாரத்தில் அவள் வயதுக்கு வந்தாள். அப்பா ஓட்டத்தை அன்றோடு நிறுத்தினார். ஓடத் தொடங்கிய பெரிய ஓட்டம் ஒன்றைக்கூட முடித்ததில்லை என்பது நாற்பது வயதிலும் உள்ளுக்குள் உறுத்தியது. இதையாவது வெளிச்சம் இருக்கும்போதே கடலில் கால் நனைத்து முடித்துவிட வேண்டும்.

பாதை ஒரு பம்ப்செட் கொட்டகையில் போய் முட்டி நின்றது. மண்டபமும் இல்லை, ஆறும் இல்லை. வந்த வழியே திரும்பினாள். வந்த வாழைத்தோட்டம் என்று நினைத்து நுழைந்தது வேறொரு வாழைத்தோட்டம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பச்சை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இன்றைக்கும் முடிக்கப் போவதில்லை என்று தோன்றியதுமே வரப்பில் உட்கார்ந்து, யாரும் இல்லை என்கிற தைரியத்தில் வாய்விட்டு அழுதாள்.

ஆனால் ஆள் இருந்தது. களை எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்கள், ஷூ போட்ட ஒரு அம்மா வரப்பில் அழுவதைப் பார்த்து ஓடி வந்தார்கள்.

"எங்கன போணும் அக்கா?" என்று கேட்டாள் முன்னால் வந்த இளம்பெண். அவளை மற்றவர்கள் அன்னத்தாய் என்று கூப்பிட்டார்கள்.

"கடலுக்கு. புன்னைக்காயலுக்கு."

"கடலு கெழக்கயில்லா கெடக்கு. நீங்க வடக்க வந்திருக்கிய."

"கல்லுல அம்பு இப்படித்தான காட்டிச்சு? மாலை போட்ட கல்லுல."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் மூத்தவளான கோமு, தலையில் கை வைத்து அப்படியே குந்திவிட்டாள்.

"ஆத்தாடி! நாந்தான் தாயி திருப்பி வச்சேன்."

ஐப்பசி மழையில் அவள் மருமகளுக்கு வலி கண்டு, ஓடையில் தண்ணீர் ஏறி, வண்டி அந்தக் கல் பக்கத்தில் சேற்றில் சிக்கிக்கொண்டதாம். முந்தின மாதம் வரை அங்கே அப்படி ஒரு கல் இருந்ததில்லை. மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. அதன் காலில் விழுந்து அழுதிருக்கிறாள். சக்கரம் மேலேறிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்து வந்துவிட்டார்கள்.

"வெளக்குப் போடப் போனா, ஆத்தா மேக்க பாத்து நிக்கா. சாமி அப்பிடி நிக்கப்படாதுல்லா? நாலு பேரு கடப்பாறயப் போட்டு, கெழக்க பாக்க வச்சோம்."

அது சாமி இல்லை, வழிகாட்டிக் கல் என்று சொல்ல விஜயஸ்ரீக்கு நாக்கு நுனி வரை வந்தது. கோமுவின் கலங்கிய முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டாள். அடுத்த கணம் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததும் அன்னத்தாயும் சிரித்தாள். கோமு மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குப் பின்னால இன்னும் ஆளுக வருவாங்களே" என்றாள் விஜயஸ்ரீ. "அவங்களும் இப்படித்தான வழி தவறிருவாங்க?"

"வச்ச சாமியத் திருப்பப்படாது" என்று கோமு எழுந்தாள். "ஆத்தா கெழக்க பாக்கட்டும். நான் பக்கத்துல நின்னு தெக்க, ஆத்துப் பக்கம் கையக் காட்டுதேன். ஒருத்தரும் தப்பிப் போவ மாட்டாவ." பிறகு தயங்கி, "செம்புல என்ன தாயி?" என்றாள்.

"பாபநாசத் தண்ணி."

கோமு ஈரக் கைகளைச் சேலையில் துடைத்து, இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தனக்குக் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கவில்லை. விஜயஸ்ரீ துணியை அவிழ்த்து, அவளுடைய தூக்குவாளி மூடியில் பாதியை ஊற்றினாள். "உங்க ஆத்தாளுக்கு" என்றாள். கோமு அதைச் சிந்தாமல் ஏந்தி நடந்தாள்.

"நேரமாவுதுக்கா, எந்தியுங்க" என்று அன்னத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். வெறுங்கால் வரப்பில் பதிந்து பதிந்து போனது. பின்னால் விஜயஸ்ரீ. அவளுக்குப் பின்னால், சும்மா ஓடிப் பார்க்கும் ஆசையில் மற்ற பெண்கள், கையில் தூக்குவாளிகள் கடகடக்க. அடுத்த வயலில் இருந்தவர்கள், "ஏட்டி, மாடு அவுத்துக்கிட்டா?" என்று கூவினார்கள். "இல்ல, கடலுக்குப் போறோம்!" என்று பதில் கூவினாள் அன்னத்தாய். "பைய வாங்கக்கா, வழுக்கும்" என்று இடையிடையே திரும்பிச் சொன்னாள். வாய்க்கால் ஒன்று, பனங்கூட்டம் ஒன்று, ஒரு மேடு. ஏறினால் எதிரே ஆறு.

பிள்ளைகள் பசியோடு இருக்கும், உலை வைக்க வேண்டும் என்று பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். விஜயஸ்ரீ அன்னத்தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக ஊருக்கு ஊர் ஆட்களைச் சேர்த்து வைத்தவளை, இன்று முகம் தெரியாத ஊர் ஆற்றோடு சேர்த்து வைத்துவிட்டது. நன்றி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அந்தக் கைகளை ஒருமுறை அழுத்திவிட்டு ஓடினாள். ஏரல் கடைகளின் ஓட்டுக்கூரைகளையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் கண்ணால் பார்த்தாள். ஒவ்வொரு ஊரைக் கடக்கும்போதும், இத்தனை நாள் காதில் மட்டும் கேட்ட அந்த ஊரை மனதுக்குள் கும்பிட்டாள்.

புன்னைக்காயலில் படகுகளுக்குப் பின்னால் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஸ்கூட்டரில் முன்னதாகவே வந்து காத்திருந்த கணவன் சிவசங்கரன், பிளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினான். அவள் ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கினாள். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் பாதிச் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். முடித்துவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாகத் தாணுமாலையன் சார். சட்டம் போட்டவரே பொழுது அடைந்த பிறகுதான் வந்தார்.

"உங்க கல்லப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன், கும்பிடவும் செஞ்சேன்" என்று சிரித்தார் அவர். "பக்கத்துல ஒரு அம்மா, தெக்க கைய நீட்டிக்கிட்டு நிக்காங்க. நாந்தான் கடைசி, இனி யாரும் இல்ல, வீட்டுக்குப் போங்கம்மான்னு சொன்னேன். கேக்கல. அந்த ஓடி வந்த தாயி வாயால சொல்லாம கைய எறக்க மாட்டேன்னுட்டாங்க."

விஜயஸ்ரீயின் சிரிப்பு நின்றுவிட்டது. கணவனைப் பார்த்தாள். அவன் ஸ்கூட்டரை உதைத்தான்.

தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. முகப்பு வெளிச்சம் மேடு பள்ளத்தில் துள்ளிக்கொண்டே போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவளின் மடியில் வெறும் செம்பு. வாழைகள் விலகிய இடத்தில் முதலில் அகல் தெரிந்தது, பிறகு கல், பிறகு தெற்கே நீண்டிருந்த ஒரு கை.

"கோமக்கா!" என்று விஜயஸ்ரீ கூவினாள்.

அந்தக் கை இறங்கவில்லை. கோமு மற்றக் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, வெளிச்சத்தில் வருவது யாரென்று பார்த்தாள்.